ஆட்சி கைமாறிய வேளைகள்



ஒரு நாட்டின் வலிமையை எதனால் அளப்பது? படையால் என்பர் சிலர். பொருளால் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், பழைய தலைவர் மறைந்து புதிய தலைவர் வந்து அமரும் அந்தச் சில நாள்களில் ஒரு நாடு எவ்வாறு நடந்து கொள்கிறது என்பதே அதன் வலிமைக்குச் சரியான உரைகல் என்பது அடியேனின் எளிய கருத்து.

பத்தாம் வகுப்போடு பள்ளி வாழ்வை முடித்துக் கொண்டவன் நான். மும்பைப் புறநகர் இரயில் நிலையம் ஒன்றில் எழுத்தராகப் பணி புரிகிறேன். வரலாற்றுப் பேராசிரியர்கள் எழுத வேண்டிய பொருளை எழுத முன்வந்ததற்கு என் தொழிலே காரணம். எங்கள் பணியில் "சார்ஜ் கொடுப்பது, சார்ஜ் வாங்குவது" என்று ஒரு நடைமுறை உண்டு. பணி நேரம் முடிந்தவர் பணத்தை எண்ணிக் காட்டுவார். விற்ற சீட்டின் கடைசி எண்ணைக் குறிப்பார். நிலுவையில் உள்ளவற்றைச் சொல்லுவார். வருபவர் சரிபார்ப்பார். இருவரும் பதிவேட்டில் கையொப்பம் இடுவர். மாற்று ஆள் வரவில்லையாயின், இருப்பவர் எழுந்து போதல் ஆகாது. கவுண்டர் ஒரு நொடியும் ஆளின்றி இருக்கலாகாது. இருபது ஆண்டுகளாக இதைச் செய்து வரும் எனக்கு, நாட்டின் தலைமை கைமாறிய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதிவேடே கண்முன் வந்து நிற்கிறது.

முடியாட்சிக் காலத்து வழக்கம்

முடியரசர் காலத்தில் செங்கோல் கைமாறுதல் பெரும்பாலும் குருதி சிந்தும் செயலாகவே இருந்தது. 1657ஆம் ஆண்டு ஷாஜகான் நோயுற்றார் என்ற செய்தி பரவிய உடனே அவர்தம் மைந்தர் நால்வரும் வாளேந்தினர். வென்ற ஔரங்கசீப் தந்தையை ஆக்ராக் கோட்டையில் சிறை வைத்தார். தமையன் தாராவின் உயிரை மாய்த்தார். உலகம் வியக்கும் பேரரசுக்கும் அரசுரிமையை ஒழுங்காக ஒப்படைக்கும் வழி தெரிந்திருக்கவில்லை.

நம் தமிழகத்திலும் உரிமைப் போர்கள் நிகழ்ந்ததுண்டு. எனினும் நாம் நினைந்து மகிழத்தக்க செய்திகளும் உள. சிற்றப்பன் முறையினரான உத்தம சோழருக்கு அரியணையை விட்டுக் கொடுத்துக் காத்திருந்து, 985ஆம் ஆண்டில் முடி சூடியவர் முதலாம் இராசராசர் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அதற்கு முன்பே, முதலாம் பராந்தகர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை வழியாக ஆள் தேரும் முறையை வகுத்துரைத்தது. அதில் ஒரு விதி என்னைப் பெரிதும் கவர்ந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதி இழப்பர் என்பதே அது. கணக்கை ஒப்படைக்காதவனுக்கு மறுபடி நாற்காலி இல்லை! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் பொறித்த இந்த அறிவைக் கண்டு எந்தத் தமிழன் தலை நிமிராதிருப்பான்? தகுதியானவரை ஆராய்ந்து பணியில் அமர்த்துவதற்கெனத் "தெரிந்து வினையாடல்" என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை பிறந்த மண் அன்றோ இது!

விடுதலை பெற்ற நாடுகளின் நிலை

இனி இக்காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அன்னியர் ஆட்சி அகன்று பல நாடுகள் விடுதலை பெற்றன. விடுதலை வாங்கித் தந்த தலைவர் உயிரோடு இருக்கும்வரை பல நாடுகளில் பெரும் சிக்கல் இல்லை. அவருக்குப் பின் யார் என்ற வினா எழுந்த இடத்தில்தான் பல நாடுகள் இடறி விழுந்தன.

நம்மோடு பிறந்த பாகிஸ்தானைப் பாருங்கள். 1948 செப்டம்பரில் ஜின்னா மறைந்தார். 1951 அக்டோபரில் பிரதமர் லியாகத் அலிகான் சுட்டுக் கொல்லப்பட்டார். 1947 முதல் 1958 வரை பதினோர் ஆண்டுகளில் ஏழு பிரதமர்கள் வந்து போயினர். 1958 அக்டோபரில் படைத்தலைவர் அயூப்கான் ஆட்சியைக் கைப்பற்றினார். ஆப்பிரிக்காவின் கானாவிலோ, 1966 பிப்ரவரி 24ஆம் நாள், நாட்டின் தந்தை எனப் போற்றப்பட்ட நிக்ரூமா வெளிநாடு சென்றிருந்த வேளையில் படையினர் ஆட்சியைப் பறித்துக் கொண்டனர்.

பர்மாவின் கதை நம்மவரை நேராகத் தாக்கியது. 1947 சூலையில், விடுதலை நாளைக் காணும் முன்பே ஆங் சான் கொலையுண்டார். 1962 மார்ச்சில் தளபதி நீ வின், பிரதமர் ஊ நூவைச் சிறைப்பிடித்து ஆட்சியேற்றார். இரண்டே ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழர் வெறுங்கையோடு கப்பல் ஏறினர். சென்னைக் கடற்கரை நிலையத்தின் எதிரே உள்ள பர்மா பஜார், அவ்வாறு வந்தோர் பிழைப்பிற்காகத் தோன்றியதே. ஒரு நாட்டின் உச்சியில் ஒப்படைப்புத் தவறினால், அடி எங்கோ ஒரு மளிகைக் கடைக்காரன் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1964: "இனி யார்?"

இந்தியாவிலும் இந்த வினா எழாமல் இல்லை. நேருவுக்குப் பின் யார் என்பதையே தலைப்பாக்கி 1963ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் நூல் எழுதினார். நேருவோடு இந்திய மக்களாட்சியும் முடிந்துவிடும் என்று எண்ணியோர் வெளிநாடுகளில் பலர்.

1964 மே 27ஆம் நாள் நண்பகல் கழிந்த வேளையில் நேரு பெருமான் மறைந்தார். என் தந்தையார் அன்று தாராவியில் பதினான்கு வயதுச் சிறுவர். தேநீர்க் கடை வானொலியைச் சூழ்ந்து நின்ற பெரியவர்கள், "இனி யார்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கொண்டதை இறுதிவரை சொல்லிக் கொண்டிருந்தார்.

அவ்வினாவுக்கு முதல் விடை அன்றைய பொழுது சாய்வதற்குள் கிடைத்தது. குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன், அமைச்சரவையில் மூத்தவரான குல்சாரிலால் நந்தாவை இடைக்காலப் பிரதமராக நியமித்தார். இடைக்காலப் பிரதமர் என்ற சொல்லே நம் அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லை. ஆயினும் கவுண்டர் ஆளின்றி இருக்கலாகாது என்ற உணர்வால் அப்பெரியார் ஒரு மரபை உண்டாக்கினார். நந்தா நம் நகருக்குப் புதியவர் அல்லர். அன்றைய பம்பாய் மாகாணத்தில் 1946 முதல் தொழிலாளர் நல அமைச்சராய் விளங்கியவர்.

அடுத்த பணி காங்கிரசுத் தலைவரின் தோளில் விழுந்தது. அத்தலைவர் விருதுநகர் தந்த பெருந்தலைவர் காமராசர். 1963இல் மூத்தவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற திட்டத்தை வகுத்து, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வகித்த முதலமைச்சர் பதவியை அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் தாமே முதலில் விட்டு இறங்கியவர். அத்திட்டத்தின்படி ஆறு முதலமைச்சர்களும் மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம், எஸ். கே. பாட்டீல் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும் பதவி துறந்தனர். தாம் அமர்ந்திருந்த நாற்காலியைத் தாமே விட்டவர் என்பதாலேயே, பிறருக்கு நாற்காலி காட்டும் தகுதி காமராசருக்கு வாய்த்தது.

அவர் கையாண்ட முறை எளியது. துக்கம் ஆறாத வீட்டில் போட்டி வேண்டா என்று கருதினார். முதலமைச்சர்களையும் செயற்குழுவினரையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தனித்தனியே அழைத்து அவரவர் எண்ணத்தைக் கேட்டார். தாம் அதிகம் பேசவில்லை. பெரும்பாலோர் மனம் சாஸ்திரியின்பால் சாய்வதை அறிந்தார். தமக்கே தகுதி உண்டென நம்பியிருந்த மொரார்ஜி அம்முடிவுக்குக் கட்டுப்பட்டார். 1964 சூன் 2ஆம் நாள் நாடாளுமன்றக் காங்கிரசுக் கட்சிக் கூட்டத்தில் நந்தா முன்மொழிய, மொரார்ஜி வழிமொழிய, சாஸ்திரி ஒருமனதாகத் தெரிவு பெற்றார். சூன் 9ஆம் நாள் பதவியேற்றார். இடையே கழிந்தவை பதின்மூன்று நாள்களே. ஒரு துளி குருதி இல்லை; படை ஆட்சியில் தலையிடவில்லை.

சாஸ்திரியை எங்கள் இரயில்வே உலகம் மறப்பதற்கில்லை. 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி விழுந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது இரயில்வே அமைச்சராய் இருந்த சாஸ்திரி, பாலத்தைக் கட்டியவரும் அல்லர், வண்டியை ஓட்டியவரும் அல்லர். ஆயினும் பொறுப்பு என்னுடையது என்று பதவி விலகினார். தமிழ் மண்ணில் நிகழ்ந்த துயருக்குப் பொறுப்பேற்று விலகிய அவரை, எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தமிழரே நாட்டின் தலைமைக்கு அழைத்து வந்தார் என்பதில் வரலாற்றின் நயம் ஒன்று உண்டு.

ஆசனம் மட்டுமா, வாக்குமா?

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சார்ஜ் பட்டியலில் பணமும் சீட்டும் மட்டுமல்ல, நிலுவையும் சேரும். பயணி ஒருவருக்குப் பணம் திருப்பித் தருவதாக முன்னவர் எழுதி வைத்திருந்தால், பின்னவர் "அது நான் சொன்னதன்று" எனல் ஆகாது. நாட்டுத் தலைமைக்கும் இதுவே நியதி.

இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் துணை ஆட்சிமொழியாய்த் தொடரும் என்று 1959 ஆகஸ்டில் நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1963ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆங்கிலம் "தொடரலாம்" என்றதே தவிர, "தொடர வேண்டும்" எனவில்லை. நேரு இருந்தவரை அவர் சொல் இருந்தது; அவர் போனபின் சொல்லும் போயிற்றோ என்ற அச்சம் தமிழகத்தைப் பற்றியது. 1965 சனவரி 26 நெருங்கிய போது மாணவர் கொதித்தெழுந்தனர். உயிர்கள் பல பறிபோயின. பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தனர். அன்று மாலையே சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி தம்மையும் கட்டுப்படுத்தும் என்று அறிவித்தார். அவருக்கு அடுத்து வந்தவர் காலத்தில், 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அது எழுத்து வடிவம் பெற்றது. ஒருவர் சொன்ன சொல்லை இரண்டாமவர் ஏற்று, மூன்றாமவர் சட்டமாக்கினார். காலம் தாழ்ந்து, விலை மிகக் கொடுத்துக் கிடைத்ததே எனினும், நிலுவை தீர்ந்தது.

இதற்கு மறுதலையாய் இலங்கையைக் காண்க. அங்கே ஆட்சி வாக்குச்சீட்டினாலேயே மாறி வந்தது. 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்த பின்னும் படை ஆட்சி வரவில்லை. 1960 சூலையில் அவர் துணைவியார் சிறீமாவோ தேர்தலில் வென்று, உலகின் முதல் பெண் பிரதமர் ஆனார். ஒப்படைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாக்கு என்னாயிற்று? தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு 1957 சூலையில் செய்த ஒப்பந்தத்தைப் பண்டாரநாயக்காவே 1958 ஏப்ரலில் கைவிட்டார். 1965இல் டட்லி சேனநாயக்கா செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. ஆசனம் ஒழுங்காகக் கைமாறியும், வாக்கு கைமாறாமையால் அந்த அழகிய தீவு பின்னர் எரிந்த கதையை நாம் அறிவோம். ஆகவே, அமைதியாக ஆள் மாறுவது மட்டும் போதாது. கொடுத்த சொல்லும் கணக்கோடு சேர்ந்து மாற வேண்டும்.

1966: இரண்டாம் சோதனை

முதற்சோதனையில் தேறிய நாட்டுக்குப் பத்தொன்பது மாதங்களில் இரண்டாம் சோதனை வந்தது. 1966 சனவரி 10ஆம் நாள் தாஷ்கண்டில் அயூப்கானோடு உடன்படிக்கை செய்த சாஸ்திரி, அன்றிரவு கழிந்து 11ஆம் நாள் அதிகாலையில் உயிர் துறந்தார். இரவோடு இரவாக நந்தா மீண்டும் இடைக்காலப் பொறுப்பேற்றார்.

இம்முறை மொரார்ஜி விட்டுக் கொடுக்கவில்லை. கருத்தொற்றுமை வேண்டா, வாக்கெடுப்பு வேண்டும் என்றார். அதுவும் அவர் உரிமையே. காமராசரே அப்பதவியை ஏற்க வேண்டும் என்று வேண்டியோரும் இருந்தனர், அவர் இசையவில்லை. பெரும்பாலான முதலமைச்சர்களின் ஆதரவோடு இந்திரா காந்தியார் நிறுத்தப்பட்டார். சனவரி 19ஆம் நாள் மறைவாக்கெடுப்பில் இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. தோற்றவர் படை திரட்டவில்லை, முடிவை ஏற்றார். அடுத்த ஆண்டே வென்றவரின் அமைச்சரவையில் துணைப் பிரதமராகவும் அமர்ந்தார். சனவரி 24ஆம் நாள் இந்திரா பதவியேற்றார். அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்தே கானாவில் மேலே கூறிய படைப் புரட்சி நடந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் நம் நாடு கடந்து வந்த கண்டத்தின் ஆழம் விளங்கும்.

ஆக்கியவரும் அளவைக்கு உட்பட்டார்

இரு பிரதமர்களைத் தெரிவு செய்வதில் முன்நின்ற காமராசரின் கதை அத்துடன் நிற்கவில்லை. 1967 பொதுத் தேர்தலில் அவர் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அதே தேர்தலில் நம் நகரில், அசைக்க இயலாதவர் எனப்பட்ட இரயில்வே அமைச்சர் எஸ். கே. பாட்டீல், தொழிற்சங்கத்தவரான ஜார்ஜ் பெர்னாண்டசிடம் வீழ்ந்தார். சென்னையில் பக்தவத்சலம் இறங்க, மார்ச் 6ஆம் நாள் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். பெருந்தலைவர் அத்தீர்ப்பை முகம் சுளிக்காது ஏற்றார். பிறருக்கு விதித்த விதிக்குத் தாமும் பணிந்தார். அடியேன் அவர் வாழ்வில் மிக உயர்ந்ததாகக் கருதுவது 1964ஐ அன்று, இந்த 1967ஐயே.

தமிழகமும் அந்த மரபைப் பேணிற்று. 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்தபோது நாவலர் நெடுஞ்செழியன் இடைக்காலப் பொறுப்பேற்றார். ஒரு வாரத்தில் கலைஞர் கருணாநிதி முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அதே நாவலரே இடைக்காலம் காத்தார். தில்லிக்கு நந்தா எப்படியோ, சென்னைக்கு நாவலர் அப்படி. எனினும் இரண்டாம் முறை கட்சி பிளவுண்டது. 1988 சனவரியில் சானகி அம்மையாரின் ஆட்சி ஒரு திங்களும் நிறையாமல் கவிழ்ந்தது. இடைக்காலக் காவலர் நல்லவராய் இருந்தும், கேட்டறிந்து இணைத்து வைக்க ஒரு காமராசர் அப்போது இல்லை.

தில்லியிலும் சறுக்கல்கள் இல்லாமற் போகவில்லை. 1975 சூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அவ்விருளிலேயே அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் கண் மூடினார். எனினும் 1977 மார்ச்சில் மக்கள் தீர்ப்பளித்தபோது, தம் தொகுதியிலும் தோற்ற இந்திரா ஆட்சியை ஒப்படைத்தார். இருமுறை வாயிலில் நின்று திரும்பிய மொரார்ஜி, எண்பத்தோராம் வயதில் மார்ச் 24ஆம் நாள் பிரதமரானார். 1984 அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா கொலையுண்டபோது, இடைக்காலப் பிரதமர் என்ற மரபு கைவிடப்பட்டு, அன்றே இராசீவ் பதவியேற்றார். 1999 ஏப்ரல் 17ஆம் நாள் வாஜ்பாயி அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் தோற்றது. ஒற்றை வாக்கு என்று எவரும் மறுத்து நிற்கவில்லை. அதன்பின் ஆட்சிகள் வந்தன, சென்றன. மாறியவை யாவும் வாக்குச்சீட்டாலேயே மாறின.

நமக்கு இதில் என்ன பாடம்?

தில்லிக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எனக்குத் தெரிந்த ஒரு மன்றத்தின் செய்தியைச் சொல்கிறேன், பெயர் வேண்டா. பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் கற்பித்து வந்த மன்றம் அது. தேர்தலில் தோற்ற பழைய நிர்வாகி, பெட்டியின் சாவியையும் வரவு செலவு ஏட்டையும் தர மறுத்தார். வென்றவர்களோ அவர் வீடு சென்று கேட்பது தம் மதிப்புக்குக் குறைவு என்றிருந்தனர். பெட்டிக்குள் புத்தகங்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகள் வகுப்பு நடைபெறவில்லை. என் மகள் அவ்வகுப்பில் "க" வரிசை வரை படித்திருந்தாள். பின்னர் வகுப்புத் தொடங்கியபோது அவளுக்கு வயது கடந்துவிட்டது. இன்றும் தமிழைத் தட்டுத் தடுமாறியே வாசிக்கிறாள். இம்மலரில் தந்தை எழுதிய கட்டுரையை அவளுக்கு நான் படித்துக் காட்டத்தான் வேண்டும். உச்சியில் தவறினால் அடி மளிகைக் கடைக்காரன் மேல் விழும் என்றேனே. சங்கத்தில் தவறினால் அது குழந்தையின் நாவின் மேல் விழுகிறது.

தாராவியில் காமராசர் பெயர் தாங்கிய பள்ளி ஒன்று உளது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் நான் எண்ணுவது இதுவே: அப்பெருமகனார் நமக்கு விட்டுச் சென்றது கல்விக்கண் மட்டுமன்று; இறங்கும் கலையும் ஆகும். ஏறுவதற்கு நூறு பேர் சொல்லித் தருவர். இறங்குவதற்குக் கற்றுத் தந்தவர் சிலரே.

இந்த ஆண்டு விழாவில் நம் சங்கத்தின் பழைய செயற்குழு விடைபெற்றுப் புதிய செயற்குழு பொறுப்பேற்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என மூன்று பகுதி இளைஞரும் அதில் இடம் பெறுவது மகிழ்ச்சிக்குரியது. பழையவர்களுக்கு என் வேண்டுகோள்: சாவியோடு கணக்கையும், கணக்கோடு நீங்கள் பிறருக்குக் கொடுத்த சொல்லையும் ஒப்படையுங்கள். புதியவர்களுக்கு என் வேண்டுகோள்: முன்னவர் சொன்ன சொல்லை உம்முடையதாக ஏற்றுக் கொள்ளுங்கள், மூன்றாண்டு கழித்து நீங்களும் இறங்க வேண்டியவர்கள் என்பதை முதல் நாளே நினைவில் வையுங்கள்.

பதிவேட்டில் இரண்டு கையொப்பங்களும் இருந்தால்தான் சார்ஜ் முடிந்தது. ஒரு கையொப்பம் மட்டும் போதாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!